குழந்தைகளின் கார் சீட்டுக்கு எதற்குக் காலாவதி தேதி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாவது குழந்தை வரப்போகிறது என்று தெரிந்ததும் மூத்தவனின் கார் சீட்டைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினோம். உறையைக் கழற்றித் துவைக்கலாம் என்று கவிழ்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர், அதில் 'இந்தத் தேதிக்குப் பிறகு பயன்படுத்தாதீர்கள்' என்று ஒரு வரி, தேதி போன வருடமே முடிந்திருந்தது. சீட்டோ பார்க்கப் புதுசு போல இருந்தது, ஒரு கீறல் இல்லை. இது கம்பெனிக்காரர்கள் காசு பார்க்கும் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்ததில் அந்த எண்ணம் பாதி மாறியது, பாதி மாறவில்லை. அன்றிலிருந்து நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கேட்கும் விதத்திலேயே கீழே போட்டிருக்கிறேன்.

ஒரு பிளாஸ்டிக் சீட்டுக்குப் போய் எதற்குக் காலாவதி தேதி?

'சீட்' என்ற பேரால் வரும் குழப்பம் இது. உட்காரும் பொருளாக மட்டும் பார்த்தால் அது இருபது வருடம்கூட ஓடும், குழந்தையும் அதில் நன்றாகத் தூங்கும். ஆனால் அதன் உண்மையான வேலை வந்தால் ஒரே ஒரு தடவைதான் வரும், வராமலே போனால் ரொம்ப நல்லது. அந்த வேலை எவ்வளவு பெரியது என்று கொஞ்சம் கணக்குப் போடுவோம். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலோ நேருக்கு நேர் மோதி நிற்கிறது. அமெரிக்க விதிப்படி இந்த சீட்டுகளைச் சோதிக்கும் வேகமும் இதுதான். நொடிக்கு 13 மீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்த குழந்தை, நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றாக வேண்டும். சுமார் 9 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, கீழே விழுவதற்குச் சமமான வேகம் அது. மோதலின் உச்சத்தில் குழந்தையின் எடையைப் போல 20 மடங்கு விசை வரும், 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 200 கிலோ மூட்டையாகி பட்டைகளை இழுக்கும். மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்வேன் என்று சொல்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை கையில் தூக்கிப் பார்க்கட்டும்.

அந்த இழுப்பை வாங்கிக்கொள்ள சீட்டின் ஓடு கொஞ்சம் வளைய வேண்டும், பட்டை துளி நீள வேண்டும், நுரை நசுங்க வேண்டும். மூன்றும் சேர்ந்து விசையை ஓரிடத்தில் குவியவிடாமல் தோள், இடுப்பு, முதுகு என்று பரப்புகின்றன. இதை என் சீட் செய்துவிடும் என்று தயாரித்தவர் பொறுப்பேற்கும் கடைசி நாளைத்தான் ஸ்டிக்கரில் போட்டிருக்கிறார்கள்.

பிளாஸ்டிக் மக்குவதற்கு நூற்றுக்கணக்கான வருடம் ஆகும் என்கிறார்கள், இது மட்டும் ஆறேழு வருடத்தில் கெட்டுவிடுமா?

மக்குவது வேறு, வலு போவது வேறு. வெயிலில் கிடந்த துணி கிளிப் ஒருநாள் விரலால் அழுத்தியதும் பட்டென்று உடைந்து கையோடு வரும், பார்த்திருப்பீர்கள். அது மக்கவில்லை, பிளாஸ்டிக்காகவேதான் இருக்கிறது. ஆனால் வளையும் குணம் போய்விட்டது.

பெரும்பாலான சீட்டுகளின் ஓடு பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். லேசானது, மலிவானது, வளைந்து கொடுக்கும், வேண்டிய வடிவத்தில் வார்க்கலாம், அதனால்தான் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் பலவீனமும் தெரிந்ததுதான். புற ஊதாக் கதிரும் சூடும் ஆக்சிஜனும் சேர்ந்தால் அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் அங்கங்கே அறுபடும். சங்கிலிகள் குட்டையாகக் குட்டையாக பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். இதைத் தள்ளிப்போடத் தயாரிக்கும்போதே சில ரசாயனங்களைக் கலக்கிறார்கள். அவை பிளாஸ்டிக்குக்குப் பதிலாகத் தாங்களே முதலில் அடிபட்டுக்கொள்ளும், அதனால் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகும். தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது.

இதோடு கார் என்ற இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் கறுப்புப் பரப்புகள் 60, 70 டிகிரியைத் தொடுவது சாதாரணம். இரவில் ஆறும், காலையில் மறுபடி ஏறும், குளிர் ஊர்களில் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் இறங்கும். ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் விரிந்து சுருங்குகிறது, அதற்குள் இறுகப் பதிந்திருக்கும் இரும்புக் கம்பியும் திருகும் வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. விரிசல் விழுந்தால் பெரும்பாலும் இந்தச் சந்திப்புகளில்தான் விழும். அவை உறைக்கு உள்ளே இருப்பதால் யார் கண்ணிலும் படாது.

ஓடு சரி, மற்ற பாகங்கள்?

பட்டைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலில் நெய்தவை. வெயில் அவற்றையும் அரிக்கும், ஆனால் என் பார்வையில் வெயிலை விடப் பெரிய எதிரிகள் நாம்தான். வாந்தி, ஜூஸ், பால் என்று பட்டைமேல் கொட்டாதது எதுவும் இல்லை, நாமும் பதறிப்போய்க் கையில் கிடைத்த சோப்புத்தூளையும் பிளீச்சையும் போட்டுத் தேய்க்கிறோம். பட்டையின் நெசவு இறுகுவதும் தளர்வதும் அதன் வலுவையே மாற்றிவிடும்.

தலையைச் சுற்றி உள்ளே இருக்கும் வெள்ளை நுரை நமக்குத் தெரிந்த தெர்மோகோல் வகைதான், பைக் ஹெல்மெட்டுக்குள் இருப்பதும் அதுவே. நசுங்கித்தான் அடியை வாங்கும். ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழாது. சிலவற்றில் மீண்டும் எழும் வேறு வகை நுரையும் போடுகிறார்கள். சீட்டை மாடிப்படியில் நழுவவிட்டது, டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் திணித்தது எல்லாம் இந்த நுரையில் எழுதப்பட்டிருக்கும்.

பக்கிள் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் சீட்டின் பக்கிளைக் கவிழ்த்துத் தட்டியபோது ஒரு பிஸ்கட்டுக்கு வேண்டிய அளவு தூள் கொட்டியது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் கொக்கியும் அந்தப் பிசுக்கில் பாதி மாட்டியும் 'கிளிக்' என்று சத்தம் கேட்கலாம், அதுதான் பயம்.

தேதியை யார் முடிவு செய்கிறார்கள், அரசாங்கமா?

தயாரிக்கும் நிறுவனம்தான். அமெரிக்காவில் இந்த சீட்டுகளுக்கான விதிக்கு எப்எம்விஎஸ்எஸ் 213 என்று பெயர். 1971இல் நடைமுறைக்கு வந்தது, 1981இல் இருந்து பொம்மையை உட்காரவைத்து மோதிப் பார்க்கும் சோதனையும் கட்டாயமானது. தயாரித்த தேதியும் மாடல் எண்ணும் சீட்டில் ஒட்டியிருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. எப்போது காலாவதியாக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த எண்ணை நிறுவனங்கள் தங்கள் பொருளையும் தங்கள் சோதனையையும் வைத்துப் போட்டுக்கொள்கின்றன. பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து 6 முதல் 10 வருடம். ஒரே நிறுவனத்திலேயே வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குக் குறைவாகவும், உள்ளே உலோகச் சட்டம் வைத்த மாடலுக்குக் கூடுதலாகவும் கொடுப்பதுண்டு. அதனால் 'கார் சீட்டுக்கு ஆறு வருடம்' என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள், உங்கள் சீட்டின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு.

சட்டம் சொல்லவில்லை, கம்பெனியே சொல்கிறது. அப்படியானால் இது வியாபாரத் தந்திரம்தானே?

என் எண்ணத்தில் பாதி மாறவில்லை என்று சொன்னேனே, அது இதுதான். சீட் பழசாவதில் விற்பவருக்கு லாபம் இருக்கிறது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வழக்கு பயமும் இருக்கிறது. பதினைந்து வருடப் பழைய சீட் ஒன்று உடைந்து குழந்தைக்கு அடிபட்டால் கேஸ் நிறுவனத்தின் மேல் பாயும், அதற்கு வேலி போட ஒரு தேதி வசதியாக இருக்கிறது.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். நிறுவனத்துக்கு நம் சீட் எந்தக் காரில், எந்த வெயிலில், எத்தனை குழந்தைகளோடு வாழ்ந்தது என்று தெரியாது. நிழலில் இரண்டு வருடம் ஓடிய சீட்டும் பாலைவன வெயிலில் எட்டு வருடம் ஓடிய சீட்டும் ஒரே மாடல், ஒரே ஸ்டிக்கர். இரண்டில் மோசமாக வாழ்ந்த சீட்டையும் காப்பாற்றுவது போலத்தான் தேதி போட வேண்டியிருக்கிறது. உங்களுடையது நன்றாக வாழ்ந்த சீட்டாக இருந்தால் தேதிக்குப் பிறகும் அதில் வலு மிச்சம் இருக்கலாம். அது எவ்வளவு மிச்சம் என்று வீட்டில் சோதிக்க வழியே இல்லை. சோதித்தால் சீட் உடையும், உடைந்த சீட்டை வைத்து என்ன செய்ய? நான் தேதிக்கு அடங்கியது இந்த இடத்தில்தான், கம்பெனியின் நல்ல மனதை நம்பி அல்ல.

பதினைந்து வருடக் காரில் சீட் பெல்ட் அப்படியே இருக்கிறதே, அதற்குத் தேதி இல்லையே?

நல்ல கேள்வி, நானும் இதில்தான் மாட்டிக்கொண்டேன். கார் பெல்ட் எஃகு உடலில் போல்ட் போட்டு மாட்டியது. போடாத நேரத்தில் பட்டையின் பெரும்பகுதி சுருண்டு கதவோரத் தூணுக்குள் போய்விடுகிறது, வெயில் படுவது கொஞ்சம்தான். யாரும் அதைக் கழற்றி வாளியில் ஊறவைப்பதில்லை, பரணில் போடுவதில்லை, மச்சானுக்குக் கடன் கொடுப்பதில்லை. குழந்தை சீட்டில் சுமை தாங்கும் எலும்பே பிளாஸ்டிக், பட்டைகள் எப்போதும் வெளியில்தான் கிடக்கின்றன. அதோடு, பெரிய மோதலில் சிக்கிய கார் பெல்ட்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும், அதுவும் சாகாவரம் வாங்கி வந்ததல்ல.

தேதி எங்கே இருக்கும்? தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

முதலில் சீட்டைக் காரிலிருந்து வெளியே எடுங்கள், உள்ளேயே தலையை நுழைத்துத் தேடினால் கிடைக்காது. அடிப்பகுதியிலோ பின்புறத்திலோ பக்கவாட்டிலோ வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும், மாடல் எண்ணும் தயாரித்த தேதியும் அதில்தான். காலாவதி தேதி சிலவற்றில் அதே ஸ்டிக்கரில் இருக்கும், சிலவற்றில் பிளாஸ்டிக்கிலேயே எழுத்தாக வார்த்திருப்பார்கள், சிலவற்றில் இத்தனை வருடம் என்று கையேட்டில் மட்டும் போட்டு கூட்டிக்கொள்ளும் வேலையை நம்மிடம் விட்டுவிடுவார்கள்.

பிளாஸ்டிக்கில் கடிகாரம் மாதிரி ஒரு சின்ன வட்டம், சுற்றி 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஒரு அம்பு, அம்பின் இருபுறமும் வருடத்தின் கடைசி இரண்டு எண்கள், இப்படி ஒன்றைப் பார்த்தால் அது அந்தப் பாகத்தை வார்த்த மாதம். பல பாகங்களில் பல வட்டங்கள் இருக்கும், ஒன்றுக்கொன்று சில மாதம் முன்பின் இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், ஸ்டிக்கரில் உள்ள தேதிதான் சீட்டின் தேதி. கைக்குழந்தைக் கூடை வகை சீட்டுக்குக் காரில் நிரந்தரமாக மாட்டும் அடித்தட்டு தனியாக வருமே, அதற்கும் தனி ஸ்டிக்கர் உண்டு, இரண்டையும் பார்க்க வேண்டும். ஸ்டிக்கரே இல்லாத சீட் என்றால் அதன் வயது யாருக்கும் தெரியாது என்று அர்த்தம், பயன்படுத்தாதீர்கள்.

கணக்கு வாங்கிய நாளிலிருந்தா, தயாரித்த நாளிலிருந்தா?

பெரும்பாலும் தயாரித்த நாளிலிருந்து. கடையில் ஒன்றரை வருடம் கிடந்த சீட்டைத் தள்ளுபடியில் வாங்கினால் ஒன்றரை வருடத்தையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். ஒரே குழந்தைக்கு என்றால் பரவாயில்லை. அடுத்த குழந்தைக்கும் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் பில் போடும் முன் பெட்டியின் மேல் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

பெட்டியையே பிரிக்காமல் வைத்திருந்தேன், அதற்கும் தேதி ஓடுமா?

ஓடும். இருட்டில், மிதமான சூட்டில் இருந்திருந்தால் பிளாஸ்டிக் அவ்வளவு மோசமாகியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் தேதிக்குப் பின்னால் பிளாஸ்டிக் மட்டும் இல்லை. பத்து வருடம் கழித்து அதற்கு மாற்றுப் பட்டையோ பக்கிளோ கேட்டால் கிடைக்காது. குறை தெரிந்து திரும்பப் பெறும் அறிவிப்பு வந்திருந்தால் அது உங்களை வந்து சேர்ந்திருக்காது. அப்புறம், விதிகளே மாறியிருக்கும்.

விதி மாறினால் என்ன? என் சீட் வாங்கும்போது சோதனையில் தேறியதுதானே?

தேறியதுதான், அந்தக் காலத்துச் சோதனையில். 1930களில் வந்த குழந்தை கார் சீட்டுகளின் நோக்கம் குழந்தையை உயரமாக உட்காரவைத்து ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கவைப்பது, அவ்வளவுதான். பாதுகாப்புக்கான சீட் என்ற யோசனை 1960களில்தான் வந்தது. சுவீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர், விண்வெளி வீரர்கள் மேலெழும்பும்போது முதுகு முழுக்க விசையைத் தாங்குவதைப் பார்த்து, குழந்தையையும் பின்பக்கம் பார்த்து உட்காரவைக்கும் மாதிரியைச் செய்தார். இன்றைக்கு எல்லோரும் சொல்லும் பாடம் அதுதான்.

அதற்குப் பிறகும் மாற்றம் நிற்கவில்லை. சீட்டைக் கார் உடலோடு நேராகக் கொக்கி போட்டு மாட்டும் ஐசோஃபிக்ஸ் முறைக்கு 1999இல் சர்வதேசத் தரம் வந்தது, அமெரிக்காவில் அதையொத்த லேட்ச் முறை 2002 செப்டம்பரில் முழுதாகக் கட்டாயமானது. ஐரோப்பாவில் ஆர்44 என்ற பழைய விதியின் முதல் இரண்டு பதிப்புகளில் தேறிய சீட்டுகளைப் பயன்படுத்துவதே 2008இல் சட்டவிரோதமானது. 2013இல் வந்த ஆர்129 விதி பக்கவாட்டு மோதல் சோதனையைச் சேர்த்தது, 15 மாதம் தாண்டும்வரை குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்றும் சொன்னது. ஆர்44 சீட்டுகளைக் கடையில் விற்பதும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பரோடு நின்றுவிட்டது. பழைய சீட்டுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அதைச் சுற்றியுள்ள கார்களும் அறிவும் நகர்ந்துவிடுகின்றன.

தேதி முடிந்து ரெண்டு மாதம்தான் ஆகிறது. அடுத்த நாளே உடைந்துவிடுமா என்ன?

உடையாது. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு பிளாஸ்டிக் பூசணிக்காயாக மாறிவிடாது. வலு சரிவில் இறங்குவது போல மெதுவாக இறங்குகிறது, சரிவில் எங்கோ ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதற்காகக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நாமே நகர்த்த ஆரம்பித்தால் இரண்டு மாதம் இரண்டு வருடமாகும், அது மனித சுபாவம். தேதி முடிவதற்கு மூன்று மாதம் முன்பே போனில் ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள், இந்தக் கேள்வியே வராது.

சரி, வேறு சீட்டே இல்லை. காலாவதியானதில் உட்காரவைப்பதா, சும்மா உட்காரவைப்பதா?

இதை நேராகச் சொல்ல நிறையப் பேர் தயங்குகிறார்கள், நான் சொல்லிவிடுகிறேன். பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியவே முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்ற நிலையில், விபத்தில் சிக்காத, விரிசல் இல்லாத, காலாவதியான சீட் மடியை விட எவ்வளவோ மேல். பயணிகள் காரில் முறையாகப் பயன்படுத்திய சீட், உயிர் போகும் அளவுக்குக் காயம் வரும் வாய்ப்பைக் கைக்குழந்தைகளுக்கு 71 சதவீதமும், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு 54 சதவீதமும் குறைப்பதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்கு. சீட்டே இல்லாமல் போனால் அவ்வளவும் கையை விட்டுப் போகிறது, பழைய சீட்டில் அதில் ஏதோ ஒரு பங்குதான் போகிறது. அந்த ஒரு பயணத்துக்குத்தான் இந்தப் பதில், அடுத்த வாரத்துக்கு இல்லை.

தேதி இன்னும் நாலு வருடம் இருக்கிறது, ஆனால் லேசாக ஒரு விபத்து ஆகிவிட்டது. வைத்துக்கொள்ளலாமா?

என்னைக் கேட்டால் தேதியை விட இதைத்தான் மக்கள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். காலாவதியான சீட்டைப் பார்த்துப் பதறுபவர்கள், போன மாதம் விபத்தில் சிக்கிய புது சீட்டில் நிம்மதியாகக் குழந்தையை உட்காரவைக்கிறார்கள். நடுத்தர, பெரிய விபத்து என்றால் குழந்தை உள்ளே இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். சின்ன விபத்து என்றால் கட்டாயமில்லை என்று அமெரிக்க நிர்வாகம் சொல்கிறது, ஆனால் அது எதைச் 'சின்னது' என்கிறது என்று பாருங்கள்: விபத்துக்குப் பிறகு காரை ஓட்டிக்கொண்டு போக முடிந்திருக்க வேண்டும், சீட்டுக்குப் பக்கத்துக் கதவு அடிபட்டிருக்கக் கூடாது, காரில் யாருக்கும் காயம் இருக்கக் கூடாது, ஏர்பேக் விரிந்திருக்கக் கூடாது, சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதம் இருக்கக் கூடாது. ஐந்தும் பொருந்தினால்தான் சின்னது. ஒன்று தவறினாலும் இல்லை. சில நிறுவனங்கள் எந்த விபத்தானாலும் மாற்று என்கின்றன, கையேட்டில் அப்படி இருந்தால் அதுதான் பொருந்தும். காப்பீட்டில் சீட்டுக்கும் பணம் கேட்க முடியுமா என்று விசாரியுங்கள், பல பேர் கேட்பதே இல்லை.

செகண்ட் ஹேண்ட் சீட் வாங்கலாமா?

கொடுப்பவரை உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது. அக்கா வீட்டு சீட் என்றால், அது எந்தக் காரில் இருந்தது, இடித்ததா, பட்டையை எப்படிக் கழுவினார்கள் என்று உட்கார்ந்து கேட்கலாம், அவர்களும் மறைக்க மாட்டார்கள். முகம் தெரியாதவர் விற்பதை வாங்குவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. தேதியை ஸ்டிக்கர் சொல்லும், விபத்தை எந்த ஸ்டிக்கரும் சொல்லாது.

வாங்குவதென்றே முடிவு செய்தால் உறையை முழுதாகக் கழற்றிப் பாருங்கள். ஓட்டில் வளைந்த இடங்களில் வெள்ளைக் கோடு தெரிகிறதா, அது பிளாஸ்டிக் அளவுக்கு மீறி வளைந்ததற்கான தடயம். பட்டையின் ஓரம் பிசிறு விட்டிருக்கிறதா, நுரை எங்காவது பெயர்ந்திருக்கிறதா, பாகம் ஏதாவது குறைகிறதா, வேறு மாடலின் மெத்தையைப் போட்டிருக்கிறார்களா. பிறகு மாடல் எண்ணை வைத்துத் திரும்பப் பெறும் அறிவிப்பு உண்டா என்று தேடுங்கள், உங்கள் பெயரில் நிறுவனத்திடம் பதிவும் செய்துவிடுங்கள். ஓடே இல்லாமல் வெறும் துணியும் நாலு பட்டையுமாக 'கார் சீட்' என்று விற்பார்கள், அதைப் புதிதாகக்கூட வாங்காதீர்கள், அது தேதி போடவே லாயக்கில்லாத சாமான்.

பெரிய பிள்ளைகளை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட்டுக்கும் தேதி உண்டா?

உண்டு. அதில் குழந்தையைப் பிடிப்பது கார் பெல்ட்தான் என்பதால் சுமை குறைவு, அதனால் சிலவற்றுக்கு வருடம் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆனால் பெல்ட்டைச் சரியான இடத்தில், தொடை மேலும் தோள் நடுவிலும், படியவைக்கும் கொக்கிகள் பிளாஸ்டிக்கேதான்.

எப்படிக் கழுவினால் தேதி வரைக்கும் உழைக்கும்?

உறை மெஷினில் போகலாமா என்று உறையின் லேபிளே சொல்லும். பட்டைகளை மெஷினில் போடாதீர்கள், ஊறவைக்காதீர்கள், பிளீச்சும் இஸ்திரியும் வேண்டாம். ஈரத்துணியில் மிதமான சோப்பு தொட்டுத் துடைத்துக் காற்றில் உலரவிடுங்கள். பக்கிளை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசலாம் என்று பல கையேடுகள் சொல்கின்றன, எண்ணெய் விடச் சொல்லி எதுவும் சொல்வதில்லை. பட்டையில் கறை போகவே இல்லையா, கறையோடு விடுங்கள், கறை குழந்தையை ஒன்றும் செய்யாது. வெயிலில் நிறுத்த வேண்டியிருந்தால் சீட்டின் மேல் ஒரு வெளிர் துணியைப் போட்டுவிட்டுப் போனால் போதும், பிளாஸ்டிக்குக்கும் நல்லது, சுட்டுக்கிடக்கும் பக்கிள் பிள்ளையின் தொடையில் படாமலும் இருக்கும்.

விமானத்தில் சரக்காகப் போட்டு அனுப்பினால்?

தேதி மாறாது, சீட் மாறலாம். சாமான் ஏற்றும் பெல்ட்டில் உருண்டு, மேலிருந்து விழுந்து, மற்ற பெட்டிகளுக்கு அடியில் நசுங்கி வருகிறது. முடிந்தால் விமானத்துக்குள்ளேயே கொண்டுபோய்க் குழந்தைக்குப் பயன்படுத்துங்கள், விமானத்துக்கும் ஏற்ற சீட் என்றால் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கும். முடியாவிட்டால் வந்த பெட்டியிலேயே அட்டையும் துணியும் திணித்துக் கட்டி அனுப்பி, இறங்கியதும் உறையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

தேதி இருக்கிறது, ஆனால் குழந்தை வளர்ந்துவிட்டது?

அப்போது தேதிக்கு மதிப்பில்லை. ஸ்டிக்கரில் உள்ள எடை, உயரம் இரண்டில் எது முதலில் தாண்டினாலும் அந்தக் குழந்தைக்கு அந்த சீட் முடிந்தது. கைக்குழந்தை சீட்டில் பல குழந்தைகள் எடைக்கு முன்பே உயரத்தில் தாண்டிவிடுகிறார்கள், அதனால் எடை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

காலாவதியானதை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வரவில்லை.

யாருக்கும் கொடுக்காதீர்கள், அதுதான் முதல் வேலை. சும்மா குப்பைத்தொட்டி ஓரத்தில் வைத்தாலும் நல்ல சீட் கிடக்கிறதே என்று யாராவது எடுத்துப்போய்த் தங்கள் குழந்தையை உட்காரவைப்பார்கள், ஸ்டிக்கரைக் கவிழ்த்துப் பார்க்க அவர்களுக்குத் தோன்றாது. சில பெரிய கடைகள் பழைய சீட்டை வாங்கிக்கொண்டு புதியதில் தள்ளுபடி தருகின்றன, அது இருந்தால் வசதி. இல்லாவிட்டால் உறையையும் மெத்தையையும் உருவுங்கள், பட்டைகளைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டுங்கள் (நல்ல கத்தரிக்கோல் வேண்டும், பட்டை லேசில் மசியாது), இரும்பைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுங்கள், ஓட்டின் மேல் அழியாத மார்க்கரால் 'காலாவதி, பயன்படுத்தாதீர்கள்' என்று பெரிதாக எழுதுங்கள். எங்கள் சீட்டை நான் அப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தேன், மூத்தவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உறையில் இருந்த யானைப் பொம்மைத் துண்டை மட்டும் வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.